தாங்கி தெரியாத மரப்பலகை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, மூன்றடி பலகை மாட்டி ஒரு மாதம்தான் ஆகிறது. முன்பக்கம் தொங்கிவிட்டது. திருகை இறுக்கினால் சும்மா சுற்றுகிறது.

பலகையோடு டப்பாவில் வந்த குட்டி பிளக்கையே (திருகைப் பிடிக்கச் சுவர்த் துளையில் அடிக்கும் பிளாஸ்டிக் உறை) போட்டிருப்பீர்கள். 25 மி.மீ. பிளக்கில் பாதி சிமெண்ட் பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும். செங்கல்லைப் பிடிப்பது மிச்சம் பாதிதான். துளை போடும்போது தூளைப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் வரும், அது பூச்சு. சிவப்பாக வரத் தொடங்கியதும் செங்கல். அங்கிருந்து 50 மி.மீ. உள்ளே போக வேண்டும். சிவப்பே வராமல் பிட் பொலபொலவென்று இறங்கினால் இரண்டு கல்லுக்கு நடுவில் கலவையில் மாட்டியிருக்கிறீர்கள், இடத்தை மாற்றுங்கள். தூளை ஊதி வெளியேற்றாமல் பிளக்கை அடிக்காதீர்கள்.

தளர்ந்த துளையில் தீக்குச்சி திணிக்கும் வேலை மட்டும் வேண்டாம். 10 மி.மீ. பிட்டால் பெரிதாக்கி, 10 மி.மீ. நீள பிளக் இல்லை, 10 மி.மீ. பருமனுள்ள நீண்ட பிளக்காகக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: சார், புத்தகம் அடுக்கலாமா? எத்தனை கிலோ தாங்கும்?

எடையை விட அது சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் முக்கியம். பலகை அகலம் 20 செ.மீ., மேலே 20 கிலோ பரவலாக இருக்கிறது என்று வையுங்கள். எடையின் மையம் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிற்கும். பலகையைத் தாங்கச் சுவரில் திருகிய தகட்டின் அடி விளிம்பிலிருந்து திருகு 5 செ.மீ. உயரத்தில் இருந்தால், மேல் திருகுகளை வெளியே இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. அதே எடை முன் விளிம்பில் இருந்தால் 80! புத்தகம் ஒரு மீட்டர் வரிசைக்கே 25, 30 கிலோ வந்துவிடும். என்னைக் கேட்டால், புத்தகத்துக்குக் கீழே எல் ஆங்கிள் கொடுங்கள். அழகு கொஞ்சம் குறையட்டும்.

கேள்வி: புது அபார்ட்மெண்ட். துளை போட்டால் வெள்ளைத் தூள் கொட்டுகிறது.

அது ஏஏசி பிளாக், அதாவது காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல். டிரில்லில் சுத்தியல் மோடை அணைத்துவிட்டு வெறுமனே சுழற்றித் துளையுங்கள், இல்லையென்றால் துளை அகன்றுவிடும். இந்தக் கல்லுக்கென்றே தனி பிளக் உண்டு. விரியும் இரும்பு போல்ட் போட்டால் கல் விண்டுபோகும்.

கேள்வி: கம்பி பதித்துப் பலகையைச் செருகும் முறை எப்படி?

தங்கை வீட்டில் நான்கு 12 மி.மீ. கம்பிகளை முதலில் சுவரில் பதித்துவிட்டு, அப்புறம் பலகையைத் துளைத்தேன். அதில் ஒரு கம்பி இரண்டு மி.மீ. சாய்ந்திருந்தது, பலகை உள்ளே போகவே இல்லை. பாதி நாள் அரம் பிடித்தேன். இப்போதெல்லாம் முதலில் ஒரு கட்டையில் துளைகள் போட்டு, அதையே அச்சாக வைத்துப் பலகை, சுவர் இரண்டையும் துளைக்கிறேன். ரசமட்டம் வைக்காமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே மாட்டலாமா?

கூடாது. ஒயர் பெரும்பாலும் அங்கேதான் ஓடும்.

கேள்வி: வாடகை வீடு. ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார்.

தரையில் நிற்கும் ஷெல்ஃப் வாங்குங்கள்.