பால்மரக் கட்டை வாயுவிலிருந்து வந்த கறுப்புத் திரவம் டீசலா?

இல்லை. பால்மர (ரப்பர் மர) கட்டையைக் கலனில் போட்டு, குறைந்த காற்றில் எரித்து வாயு எடுக்கிறீர்கள். அந்த வாயுவைக் குளிரூட்டும் குழாயின் அடியில் நீங்கள் பிடித்தது தாரும் தண்ணீரும் கலந்த திரவம். வடிகட்டி லாரியில் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவு தார் வரக் காரணம், பெரும்பாலும் கட்டை ஈரமாக இருப்பதுதான். மறுநடவுக்குச் சாய்த்த மரத்தை அப்படியே போட்டால், சூடு தண்ணீரை விரட்டவே செலவாகிறது. தார் சிதையாமல் வாயுவோடு வெளியே வருகிறது.

ஒரு துண்டை எடை போட்டுவிட்டு, ஓவனில் 105 டிகிரி செல்சியஸில் எடை இறங்குவது நிற்கும்வரை வையுங்கள். முதல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் கட்டை இன்னும் பச்சைதான். மலேசியாவில் உங்கள் சுங்கை சிப்புட் ஊர் மழைக்குக் கூரை போடாமல் காயவைக்க முடியாது.

சரி, காய்ந்த கட்டையிலும் டீசல் வராது, தார்தான் குறையும். டீசல் வேண்டுமென்றால் வாயுவில் இருக்கும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் ஃபிஷர் டிராப்ஷ் முறையில் இணைக்க வேண்டும்: இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கி, 200 டிகிரிக்கு மேல் சூடு, 20 பார் அளவு அழுத்தம். காற்று ஊதும் உங்கள் கலனில் வாயுவில் ஏறக்குறைய பாதி நைட்ரஜன்; பட்டறையில் நடக்கிற காரியமே இல்லை. தாரை நீக்கி, வாயுவை நேராகப் பெட்ரோல் ஜெனரேட்டருக்குக் கொடுங்கள். முழு சக்தி வராது, ஆனால் ஓடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காத ஊர்களில் லாரிகளே இப்படி ஓடின.

அப்புறம், இந்த வாயுவில் உள்ள கார்பன் மோனாக்சைடு விஷம், அதற்கு வாசனையும் கிடையாது. ஸ்டோருக்குள் வைத்து ஓட்டாதீர்கள்.