ராம்சார் பட்டியலில் சேர்த்தால் எங்கள் கண்மாய் தப்புமா?

மேலூர் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கண்மாய்க் கருவேல மரங்களில் வருசா வருசம் நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டும். இப்போது மரங்களை ஏலம் விடப்போவதாகப் பேச்சு. ராம்சார் பட்டியலில் சேர்த்துவிட்டால் தப்பிக்கலாம் என்கிறார்கள். இந்த உலக ஒப்பந்தங்களால் பலன் உண்டா?"

ராம்சார் என்பது ஈரநிலங்களைக் காக்க உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம்; முக்கியமான நீர்நிலைகளின் பட்டியல் ஒன்று அதற்கு உண்டு. ஏலம் நெருங்கிவிட்டது என்றால் அதை நம்பி உட்காராதீர்கள். பறவைகளைக் காட்டி அந்தப் பட்டியலில் இடம்பிடிக்க, வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளாவது அங்கே கூட வேண்டும், அல்லது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதம் இருக்க வேண்டும். வேறு அளவுகோல்களும் உண்டு, ஆனால் எதுவானாலும் பெயரைக் கொடுக்க வேண்டியது மத்திய அரசு. 2022இல் ராமநாதபுரத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் சேர்ந்தன என்றால், அவை அதற்கு முன்பே சரணாலயங்கள். இன்னொரு சிக்கல், பாசனத்துக்கென்றே அமைத்த நீர்நிலைகளை நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் ஈரநிலம் என்ற வரையறைக்குள்ளேயே கொண்டுவரவில்லை. நம் கண்மாய்கள் அங்கேயே அடிபட்டுப் போகின்றன.

சரி, ஒப்பந்தங்களே வீணா? இல்லை. ஐரோப்பாவில் 1979இல் வந்த பறவைகள் சட்டத்தின் சிறப்புப் பட்டியலில் இருந்த இனங்கள் மற்றவற்றைவிட நன்றாகத் தேறியதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அங்கே ஓர் அரசு தவறினால் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு இழுக்கலாம், அபராதம் போடலாம். அந்தப் பிடி ராம்சாருக்குக் கிடையாது. சைபீரியக் கொக்குக்காக நாடுகள் 1993இல் தனி உடன்பாடே செய்தன, அது வந்து தங்கிய ராஜஸ்தானின் பரத்பூரும் ராம்சார் தலம்தான். வரும் வழியெல்லாம் வேட்டை நின்றபாடில்லை. 2002க்குப் பிறகு அந்தக் கொக்கு அங்கே வரவேயில்லை. எனக்கு இன்றும் மனசு ஆறாத இழப்பு அது.

ஆகவே பிடி இருக்கிற சட்டத்தைக் கையில் எடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் வேட்டைதான், மரம் யாருக்குச் சொந்தமானாலும். முதலில் அந்த மரங்கள் வனத்துறை கணக்கிலா, பஞ்சாயத்துக் கணக்கிலா என்று விசாரியுங்கள். கூடும் குஞ்சும் தெரிகிற மாதிரி தேதியோடு படம் எடுத்து, மாவட்ட வன அலுவலருக்கும் கலெக்டருக்கும் மனு கொடுங்கள், நேரில் கொடுத்து ரசீதும் வாங்குங்கள். குஞ்சுகள் பறந்து போகும்வரை வெட்டக்கூடாது, கூடு கட்டுகிற மரங்களை ஏலத்திலிருந்தே எடுக்க வேண்டும், இந்த இரண்டையும் மனுவில் தனித்தனியாகக் கேளுங்கள்.

அப்புறம் கிராம சபைத் தீர்மானம். உங்கள் பக்கத்து அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது உள்நாட்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ்தான், ராம்சாரால் அல்ல. அங்கே டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் வந்தபோது சுற்றுவட்டார மக்கள் தீர்மானம் போட்டு, தெருவில் இறங்கி நின்றார்கள், 2025 ஜனவரியில் சுரங்க ஏலம் ரத்தானது. உங்கள் பஞ்சாயத்தில் பல்லுயிர் மேலாண்மைக் குழு பேருக்காவது இருக்கும், அதன் பதிவேட்டில் கண்மாய்ப் பறவைகளை இந்த சீசனிலேயே எழுதச் சொல்லுங்கள்.