செட்டாக விற்கும் சரக்கை இணையக் கடையில் ஏற்றுவது எப்படி?

கேள்வி (வாசகி, பெருமாநல்லூர்): திருப்பூர் டீ-ஷர்ட்டுகளை எங்கள் இணையக் கடையில் விற்று வருகிறோம். மூன்று டீ-ஷர்ட் அடங்கிய செட் ஒன்றைத் தனிப் பொருளாக ஏற்றினோம். ஐந்து சைஸ், ஆறு கலர். மூன்று கலரையும் வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்திருந்தோம். தீர்ந்துபோன கலருக்கும் ஆர்டர் விழுந்து, பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. என்ன செய்யலாம்?

பதில்: செட்டுக்கென்று தனியாக ஸ்டாக் எண்ணிக்கை போட்டதுதான் உங்கள் சிக்கலுக்குக் காரணம். ஏற்றுமதிக் கம்பெனியில் எஸ், எம், எல், எக்ஸ்எல் சைஸ்களை 1:2:2:1 என்று ரேஷியோ பேக்கிங் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே கையிருப்பு என்பது ரேக்கில் இருக்கும் பீஸ்கள்தான். பேக்கிங் லிஸ்ட் எதை எத்தனை எடுக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. இணையக் கடையிலும் செட்டை ஒரு பேக்கிங் லிஸ்ட்டாகவே வைக்க வேண்டும். ஒவ்வொரு சைஸுக்கும் கலருக்கும் தனி எஸ்.கே.யு. எண் (சரக்கை அடையாளம் காட்டும் குறியீடு) கொடுத்து, ஸ்டாக்கை அந்த முப்பது எண்களில் மட்டும் வைத்து, செட் விற்கும்போது அவற்றிலிருந்து கழியும்படி அமையுங்கள். எம் சைஸில் நேவி 10, கறுப்பு 7, வெள்ளை 4 இருந்தால், மூன்றும் கலந்த செட் நான்குதான் போடலாம். மூன்றும் வெள்ளையாக ஒருவர் கேட்டால் ஒரு செட்தான் தேறும். இந்தக் கணக்கைக் கையால் போட்டுக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை இரவு வரும் ஆர்டரில் கட்டாயம் தவறு நேரும்.

எல்லாச் சேர்க்கைகளையும் வேரியன்ட்டுகளாக, அதாவது ஒரே பொருளின் தனித்தனி வகைகளாக, ஏற்றிவிடலாமே என்று தோன்றும். ஆறு கலரை மூன்று முறை தேர்ந்தெடுத்தால் 216, ஐந்து சைஸுக்கு 1,080. நேவி-வெள்ளை-கறுப்பும் வெள்ளை-கறுப்பு-நேவியும் ஒரே பார்சல்தான் என்பதால், உண்மையில் வேறுபடுபவை சைஸுக்கு 56, மொத்தம் 280 மட்டுமே. மீதி 800 வெறும் நகல்கள். இணையக் கடை அமைக்க உதவும் ஷாப்பிஃபை தளத்தில் நெடுங்காலம் ஒரு பொருளுக்கு 100 ஆக இருந்த வேரியன்ட் உச்சவரம்பு 2025இல் 2,048 ஆக உயர்ந்தது. ஆனாலும் ஆப்ஷன் (வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் அம்சம்) மூன்றுதான் வைக்க முடியும். உங்களுக்கோ சைஸ் ஒன்று, கலர் மூன்று என நான்கு வேண்டும். அதேபோன்ற மென்பொருளான வூகாமர்ஸில் உள்ள ‘குரூப்டு ப்ராடக்ட்’ உதவும் என்று நினைத்துவிட வேண்டாம். அது பொருள்களை ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டுமே தவிர, செட் விலை போடாது.

என் யோசனை இது. முதலில் நன்றாக ஓடும் நான்கு கலர் சேர்க்கைகளை நீங்களே முடிவு செய்து, வாங்குபவரிடம் சைஸும் சேர்க்கையும் மட்டும் கேளுங்கள். ஐந்து சைஸுக்கு இருபது வேரியன்ட்டில் வேலை முடிந்துவிடும். வாங்க வருபவருக்கும் மொபைல் திரையில் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்வதைவிட இது எளிது. கலரை அவரே தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்றால், ‘மிக்ஸ் அண்ட் மேட்ச்’ வசதி தரும் பண்டில் செயலியை (பல பொருள்களை ஒரே செட்டாக விற்க உதவும் செயலி) போடுங்கள். ஆனால் ஆர்டர் சீட்டில் ‘செட் - 1’ என்று மட்டும் வராமல் மூன்று பீஸும் தனித்தனி வரியாகப் பிரிந்து வருகிறதா என்று ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அப்படிப் பிரிந்து வந்தால்தான் ரேக்கில் எடுப்பவர் தடுமாற மாட்டார், ஒரு பீஸ் மட்டும் ரிட்டர்ன் வந்தாலும் எவ்வளவு திருப்பித் தருவது என்பது தெளிவாக இருக்கும்.

கேள்வி (வாசகர், சென்னிமலை): பெட்ஷீட், தலையணை உறையுடன் சென்ட் பாட்டில் சேர்த்துக் கல்யாணச் சீர் செட்டாக விற்க நினைக்கிறோம். ஜிஎஸ்டி எப்படிப் போடுவது?

பதில்: தொடர்பில்லாத பொருள்களை ஒரே விலைக்குச் சேர்த்து விற்றால், 2017ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டம் 8ஆம் பிரிவின்படி அது கலப்பு வழங்கல், அவற்றில் எதற்கு வரி அதிகமோ, அதே வரி மொத்தத்துக்கும் விழும். வரிக்கு முன் துணி 1,200 ரூபாய், சென்ட் 200 ரூபாய் என்றால், தனித்தனியாக விற்கும்போது துணிக்கு 5 சதவீதமும் சென்ட்டுக்கு 18 சதவீதமுமாக 96 ரூபாய் வரி. ஒரே விலையில் விற்றால் 1,400க்கும் 18 சதவீதம், அதாவது 252 ரூபாய். எனவே துணிகளை மட்டும் செட்டாக்கி, சென்ட்டை அதே பக்கத்தில் தனி விலையுடன் தனிப் பொருளாக வையுங்கள். செட்டை ஏற்றுவதற்கு முன் பில் மாதிரியை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.