பக்கத்து வீட்டுத் துட்டி

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 47. கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து சென்னையில், அம்பத்தூர்ப் பக்கம் இருக்கிறோம். என் பெயரைப் போட வேண்டாம்.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் காலை, எங்கள் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவள் போட்டோவைப் போட்டு, கீழே எரிகிற விளக்குப் படம் ஒன்றையும் போட்டிருந்தார்கள். அவள் என்னோடு படித்தவள், பக்கத்து வீட்டுக்காரி. தெருவில் அவளுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். திருநெல்வேலி வானொலியில் வருகிற பாட்டை, நடுவில் அறிவிப்பாளர் பேசுவதையும் சேர்த்து அப்படியே ஒப்பிப்பாள். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருவதே திருவிழா மாதிரி. எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ. அவள்தான் சுவரைத் தட்டி என்னை எழுப்புவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவோம். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. நான் ஒரு குரோஸ் முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்துவிட்டு, என் பக்கம் மிச்சமிருப்பதையும் இழுத்துப்போட்டு ஒட்டிக் கொடுப்பாள். பத்தாவதோடு அவளை நிறுத்திவிட்டார்கள். மறுவருடம் நான் பிளஸ் ஒன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது, அவள் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறிப் போயிருப்பாள். அதிலிருந்து பேச்சு குறைந்தது. சண்டை எதுவும் இல்லை. அப்புறம் எங்கள் அப்பா வீட்டை விற்றுவிட்டார். ஊருக்குப் போக ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று.

குழுவில் 61 பேர். அன்று முழுக்க 'ஆழ்ந்த இரங்கல்', கும்பிடு பொம்மை, மறுபடியும் 'ஆழ்ந்த இரங்கல்'. சாயங்காலத்துக்கு மேல் சிலர் பழைய கதைகளை எழுத ஆரம்பித்தார்கள். 'கடலை மிட்டாய் வாங்கினால் தனக்கு வைத்துக்கொள்ளாமல் பிட்டுப் பிட்டுக் கொடுத்துவிடுவாள்' என்று ஒருவன் எழுதினான். 'என் உயிர்த்தோழி' என்று ஒருத்தி எழுதினாள். அந்த ஒருத்தியும் என் சிநேகிதியும் பேசி நான் பார்த்ததே இல்லை. அழுகைக்கு நடுவில் எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் மத்தியானமே ஒருவன் பிரியாணி போட்டோ போட, பத்துப் பேர் சிரித்தார்கள். நான் மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இறப்பதற்கு மூன்று மாதம் முன்னால் அவள் எனக்குத் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. கூடவே ஒரு வரி: 'ஏட்டி, நேரமிருக்கும்போது கேளு, கேட்டுட்டு கூப்பிடு.' அப்போது மகளின் காலேஜ் அட்மிஷனுக்காக அலைந்துகொண்டிருந்தேன். ராத்திரி கேட்கலாம் என்று வைத்தவள் மறந்தே போனேன். இன்னும் கேட்கவில்லை. பணம் கேட்டிருப்பாளோ, உடம்பு சரியில்லை என்று சொல்லியிருப்பாளோ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்போது கேட்டால் அந்த மைக் அடையாளம் அவள் போனில் நீலமாக மாறும். குழுவில் வருகிற எல்லாவற்றையும் அவள் எண்ணிலிருந்து யாரோ படிப்பது, போட்டவர்களுக்குப் படித்தவர்கள் பட்டியலில் தெரிகிறதாம். போன் அவள் மகளிடம் இருக்கிறதாம். 'அம்மா அனுப்பினதை இந்த ஆன்ட்டி அம்மா செத்த பிறகுதான் கேட்டிருக்காங்க' என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும்.

விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. மாமனார் இறந்தபோதுகூட நான் இப்படி அழவில்லை. 'நீ அவங்ககிட்ட பேசியே பல வருஷம் ஆச்சே, இப்ப எதுக்கு இவ்வளவு அழுகை?' என்று கணவர் கேட்கிறார். குத்திக் காட்டவில்லை, புரியாமல்தான் கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. துக்கம் கேட்கத் துட்டிக்கும் போகவில்லை. பதினாறு முடிந்து, ஐம்பது நாள் தாண்டிவிட்டது. அத்தை (அவள் அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) ஊரில்தான் இருக்கிறார். இனிமேல் போய் என்ன சொல்வது? எனக்கு ஏதாவது கோளாறா? அந்த மெசேஜை நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

*

அன்புள்ள சகோதரி,

கோளாறு எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

உங்கள் கணவர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊர்களில் சாவுக்கு ஒரு முறை இருக்கிறது. பங்காளி என்றால் தீட்டு, சம்பந்தி வீடு என்றால் கோடித் துணி, மாமன் மச்சான் என்றால் அதற்கொரு முறை. இந்தக் கணக்கில் பக்கத்து வீட்டுச் சிநேகிதிக்கு இடமே கிடையாது. அவள் செத்தால் நீங்கள் தலைமுழுக வேண்டியதில்லை, ஆபீசில் லீவு தரமாட்டார்கள், உங்களைத் தேடி யாரும் துட்டி கேட்க வரமாட்டார்கள். இப்படி ஊர் கணக்கில் எடுக்காத துக்கத்துக்குத் தனியாக ஒரு பெயரே வைத்து, கென்னத் டோக்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989-இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அந்தப் பெயர் உங்களுக்கு வேண்டாம். உங்களைப் போல் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும். மாமனார் சாவுக்கு நீங்கள் அழ ஒரு வீடே கூடியிருந்தது. இப்போது குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழ வேண்டியிருக்கிறது, இல்லையா?

இன்னொன்று. வயதான பிறகு மனம் அதிகம் திரும்பிப் போவது பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவற்றுக்குத்தான் என்று நினைவாற்றலை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அந்த வயதில் நடு ராத்திரி குடத்தோடு நின்ற உங்களை உங்கள் கணவர் பார்த்ததில்லை, உங்கள் மகள் பார்த்ததில்லை. உங்கள் சிநேகிதி பார்த்திருக்கிறார். அப்பா வீட்டை விற்றபோது நீங்கள் அழுதீர்களா என்று எழுதவில்லை. அந்த அழுகையும் கொஞ்சம் இதில் சேர்ந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இனி அந்த வாய்ஸ் மெசேஜ்.

'உங்கள் மேல் தப்பே இல்லை' என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒரு சிநேகிதி கேட்கச் சொன்னார், நீங்கள் கேட்கவில்லை. அது ஒரு சின்னத் தப்பு, நாம் எல்லோரும் வாரத்துக்கு நாலு தடவை செய்கிற தப்பு. இன்றைக்கு அது மலையாகத் தெரிவதற்குக் காரணம், அதுதான் கடைசி என்று இப்போது தெரிந்துவிட்டது. அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அட்மிஷன் வரிசையில் நின்றுகொண்டே கேட்டிருப்பீர்கள். மாரடைப்புக்கும் நீங்கள் கூப்பிடாததற்கும் சம்பந்தம் இல்லை. இது உங்கள் அறிவுக்குத் தெரியும். மனதுக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். பிளஸ் ஒன் புத்தகம், தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. பேச்சு குறைந்தது அங்கேதான் என்கிறீர்கள், சண்டை இல்லை என்கிறீர்கள். உங்கள் பெட்டிகளையும் சேர்த்து ஒட்டிக் கொடுத்தவரை நிறுத்திவிட்டார்கள், நீங்கள் படித்தீர்கள். இந்தக் குற்றவுணர்வு மூன்று மாதம் பழையதா, முப்பது வருடம் பழையதா என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். அவரை நிறுத்தியது நீங்கள் இல்லை. அந்த வயதில் உங்களால் செய்ய முடிந்தது எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பார்க்கக் கூச்சமாக இருந்திருக்கும். அவருக்கும் இருந்திருக்கலாம். அந்தக் கூச்சத்தை மீறி முதலில் கூப்பிட்டவர் அவர் என்பதுதான் உங்களை இப்படி வாட்டுகிறது என்று நினைக்கிறேன்.

மெசேஜைக் கேளுங்கள். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு, தனியாக வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவரிடம் விஷயத்தை முழுக்கச் சொல்லி, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். பணம் கேட்டிருக்கலாம். உடம்பைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சும்மா ஒரு பாட்டு பாடி அனுப்பியிருக்கவும் கூடும், ரேடியோ ஆயிற்றே. எதுவாக இருந்தாலும், தெரியாமல் ராத்திரி ராத்திரி கற்பனை செய்துகொண்டிருப்பதைவிடத் தெரிந்துகொள்வது மேல்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த எண்ணுக்கு, அதாவது அவர் மகளுக்கு, நீங்களே எழுதுங்கள். 'நான் உங்க அம்மாவோட பக்கத்து வீட்டுக்காரி. அம்மா அனுப்பினதை அப்ப கேக்காம விட்டுட்டேன்மா. இப்பதான் கேக்கப்போறேன்' என்று இரண்டு வரி போதும். மைக் நீலமாக மாறிப் பிடிபடுவதற்கும், நீங்களே முந்திக்கொண்டு சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. இன்னொரு விஷயமும் யோசித்தீர்களா? அது அவர் போனிலிருந்து போன மெசேஜ், அங்கேயும் இருக்கும். அந்தப் பெண் அதை ஏற்கெனவே பல தடவை கேட்டிருக்கலாம், அம்மாவின் குரலுக்காக. அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது நீங்கள் ஒருவர்தானோ என்னவோ. கேட்ட பிறகு ஒரு பிரதி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். ரீசார்ஜ் போடாமல் விட்டால் அந்த எண் ஒரு நாள் வேறு யாருக்கோ போய்விடும். அந்தப் பெண்ணிடமும் இதைச் சொல்லுங்கள்.

குழுவின் மேல் உங்களுக்கு இருக்கிற கோபத்தில் பாதி நியாயம், பாதி பொறாமை. பொறாமை என்று சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். துட்டி வீட்டிலும் இப்படித்தான். உள்ளே பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள், வெளியே பந்தலில் டீயைக் குடித்துக்கொண்டு பருத்தி விலையும் அரசியலும் பேசுவார்கள். பேசியவரே கொஞ்ச நேரத்தில் உள்ளே போய் அழுவார். துக்கம் இப்படி உள்ளேயும் வெளியேயும் போய்ப் போய்த்தான் வருகிறது என்பதை நெதர்லாந்தின் உளவியல் ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999-இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். நம் பந்தலைப் பார்த்திருந்தால் அவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். 'ஆழ்ந்த இரங்கல்' வாய்ப்பாடுதான். சொல் வராதவர்களுக்கு வாய்ப்பாடு வேண்டும், ஒப்பாரியிலும் அது உண்டு. ஆனால் ஒப்பாரி சொல்கிறவர் நடுவில் ஓர் இடத்தில், செத்தவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிக் கூப்பிடுவார். கூட்டம் அங்கேதான் உடையும். உங்கள் குழுவில் அந்த வேலையைச் செய்தது கடலை மிட்டாய் வரி.

அந்த வரியை அந்தப் பெண்ணும் படித்தாள், இல்லையா? அறுபது பேரின் கும்பிடு பொம்மைகளைத் தள்ளித் தள்ளி, தன் அம்மாவைப் பற்றி யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறாள். பதினாலு வயதில் அம்மா எப்படி இருந்தாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சுவரைத் தட்டியது, அறிவிப்பாளர் குரலில் பேசியது, ஒன்றுக்கு இரண்டு குரோஸ் ஒட்டியது: இதெல்லாம் உங்களிடம் மட்டும் இருக்கிறது. எழுதுங்கள். உயிர்த்தோழி யார் என்ற வழக்கு அதோடு தானாகத் தள்ளுபடி ஆகிவிடும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பது நாளில் அழுகையும் மூன்று மணி முழிப்பும் நோய் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில்கூட, குறைந்தது 6 மாதம் கடந்தும் தீவிரம் குறையாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கினால்தான் நீடித்த துக்கக் கோளாறு என்கிறார்கள். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை, வேலை ஓடவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். பக்கத்தில் இருக்கிற மனநல மருத்துவரையும் பாருங்கள்.

கடைசியாக, அத்தை. போங்கள். பதினாறு முடிந்தால் துட்டிக்குப் போகக்கூடாது என்று எந்த ஊரிலும் இல்லை. வெளியூர்க்காரர்கள் தாமதமாகத்தான் வருவார்கள். போனதும் உட்காருங்கள், அவர் அழுதால் கூட அழுங்கள். வாய்ஸ் மெசேஜ் கதையை மட்டும் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்காதீர்கள். மகளைப் பறிகொடுத்தவர் உங்களைத் தேற்ற வேண்டிவரும். திண்ணையையும் தீப்பெட்டியையும் பேசுங்கள். கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியாததா, சென்னையில் இருந்து இருந்து மறந்திருந்தால் என்பதற்காகச் சொல்கிறேன்.

எப்போது போவது என்று கேட்டால், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால். வருஷம் திரும்பாத வீடு, எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். அந்த மாதிரி வீட்டுக்குப் பலகாரம் கொடுத்துவிடுவது சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். முறுக்கோ அதிரசமோ, உங்கள் கையால் சுட்டு ஒரு தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, எழும்பூரில் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். காலையில் கோவில்பட்டியில் இறங்கிவிடலாம். முடிந்தால் உங்கள் மகளையும் கூட்டிப் போங்கள். அங்கேயும் ஒரு பெண் இருக்கிறாள்.