சேவல் குழம்பும் பத்து நாள் மௌனமும்

வணக்கம் சார்,

போன மாதம் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய் வந்தேன். மௌனம், சைவச் சாப்பாடு. வீட்டுக்குத் திரும்பிய அன்று அம்மா தான் வளர்த்த சேவலை அடித்துக் குழம்பு வைத்திருந்தார். தட்டைப் பார்த்ததும் குமட்டியது, எழுந்து போய்விட்டேன். அம்மாவும் சாப்பிடவில்லை. குழம்பு பக்கத்து வீட்டுக்குப் போனது. முகாமில் பழக்கமான நண்பர், "அசைவம் தின்றால் தியானம் கைகூடாது, நீ செய்ததுதான் சரி" என்கிறார். உங்கள் கருத்து?

க., விருதுநகர்

அன்புள்ள க.,

முதலில் உங்கள் நண்பர் சொன்னதைப் பார்த்துவிடலாம். நீங்கள் கற்றுவந்த முறையை கோயங்கா என்ற தியான ஆசிரியர் 1969இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அந்த நாட்டுப் பிக்குகள், அதாவது பௌத்தத் துறவிகள், காலையில் பாத்திரத்தோடு தெருவில் இறங்கினால், வீட்டுக்காரர்கள் போடுவதை வாங்கிக்கொள்வார்கள். அதில் மீன் குழம்பும் இருக்கும், கோழிக்கறியும் இருக்கும். அசைவம் தின்றால் தியானம் வராது என்றால், இந்த முறை உங்கள் கைக்கு வந்து சேர்ந்தே இருக்காது.

பிக்குகள் ஆயுள் முழுக்க மீனும் இறைச்சியும் தொடக்கூடாது என்று விதி போடச் சொன்னவன் புத்தரின் சீடனாக இருந்த தேவதத்தன். புத்தர் மறுத்துவிட்டார். அவர் வைத்த நிபந்தனை வேறு. தனக்காகக் கொன்றதைப் பிக்கு பார்த்திருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, அப்படி ஒரு சந்தேகமும் இருக்கக் கூடாது. ஜீவகன் என்ற வைத்தியரிடம் அவர் இதைச் சொன்னதாக மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த நூலில் வருகிறது.

இப்போது உங்கள் சேவலுக்கு வருவோம். கசாப்புக் கடையில் வாங்கிச் சமைத்த கறி பிக்குவுக்கு ஆகும். உங்கள் வீட்டுச் சேவல் ஆகாது. மகன் வருகிறான் என்பதற்காகவே அறுத்தது அது. ஆக, விதிப்படி பார்த்தால் தட்டைத் தள்ளியதில் தப்பில்லை.

ஆனால் நீங்கள் பிக்கு இல்லையே. சம்பளம் வாங்குகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறீர்கள். பிச்சைப் பாத்திரத்துக்குக் கொடுத்த சலுகை அந்தப் பைக்கு எப்படிச் செல்லும்? வள்ளுவர் இந்த இடத்தில்தான் பிடிக்கிறார்:

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவா ரில்.

தின்பதற்கு ஆள் இல்லையென்றால் விற்பதற்கும் ஆள் இருக்காது. "நான் கொல்லவில்லை, வாங்கினேன், அவ்வளவுதான்" என்ற சமாதானத்துக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் படித்ததில்லை. நீலகேசி என்ற தமிழ்க் காப்பியத்தில் சமணர்கள் பௌத்தர்களைப் போட்டுத் தாளிப்பதும் இதே விஷயத்துக்காகத்தான்.

எனக்கு உறுத்துவது அந்தக் குமட்டல். பத்து நாளும் மூக்கு நுனியில் அரித்தபோது சொறியாமல் உட்கார்ந்திருந்தீர்கள் அல்லவா? குமட்டலும் அந்த ஜாதிதான். வந்தது, அதை ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல் எழுந்துவிட்டீர்கள். பார்த்திருந்தால் அது சேவலுக்காக வந்ததா, "நான் இப்போது சுத்தம்" என்ற நினைப்பிலிருந்து வந்ததா என்று தெரிந்திருக்கும். நம் ஊரில் இந்த இரண்டையும் பிரிப்பது லேசில்லை. ஹோட்டல் போர்டில் "சுத்த சைவம்" என்று எழுதுகிறோம். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் சாப்பாட்டைக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்கிறார்கள்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் கோழி அறுக்கும்போது காலைப் பிடித்துக்கொள்வது என் வேலை. கால் சூடாக இருக்கும். அறுத்த பிறகும் கொஞ்ச நேரம் என் கைக்குள் உதைக்கும். அப்புறம் இறகைப் பிடுங்கி, வைக்கோல் தீயில் வாட்டி மஞ்சள் தடவுவார்கள். அந்த வாசனைக்கு எனக்கு நாக்கு ஊறும். அந்த உதையை நான் மறந்தே போனேன். நாற்பதுக்கு மேல்தான் கறியை விட்டேன், அதுவும் யூரிக் ஆசிட்டுக்குப் பயந்து. விட்ட பிறகுதான் அந்தக் கால்கள் ஞாபகத்துக்கு வர ஆரம்பித்தன. இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்று. பிரான்சில் வியட்நாம் பிக்கு திக் நாட் ஹான் நிறுவிய ப்ளம் வில்லேஜ் மடத்தில் 2007இல் பாலையும் முட்டையையும் சேர்த்தே நிறுத்தினார்கள். நம் சைவத்தில் தயிரும் நெய்யும் கணக்கிலேயே வராது. உங்கள் நண்பரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், கோபம் வரும்.

கறியை விடுவதென்றால் தாராளமாக விடுங்கள், நல்ல காரியம். அடுத்த ஞாயிறு ரசத்தை நீங்களே வையுங்கள். ஆனால் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு போன் போட்டிருந்தால் சேவல் பிழைத்திருக்கும், அம்மாவும் பட்டினி கிடந்திருக்க மாட்டார். முகாம் முடிந்து செல்போன் கைக்கு வந்ததும் முதலில் யாருடன் பேசினீர்கள்?