‘ஹார்ட்லி’ என்றால் கடினமாக அல்ல

ஆங்கில விண்ணப்பக் கடிதத்தில் ‘கடினமாக உழைத்தேன்’ என்ற பொருளில் ‘ஐ வொர்க்ட் ஹார்ட்லி’ என்று எழுதியது ஏன் தவறு என்று கேட்டிருந்தீர்கள். அந்த வாக்கியத்துக்கு ‘நான் வேலையே செய்யவில்லை எனலாம்’ என்றுதான் பொருள். அனுப்பும் முன் கண்டிப்பாகத் திருத்திவிடுங்கள்.

தமிழில் ‘கடினம்’ என்பதோடு ‘ஆக’ சேர்த்தால் வினையடை கிடைத்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் கை ‘லி’யைச் சேர்க்கிறது. ஆனால் ‘ஹார்ட்’ என்ற சொல்லே வினையடையாகவும் நிற்கும்: ‘ஐ வொர்க்ட் ஹார்ட்.’ ‘லேட், லேட்லி’ சோடியும் இப்படித்தான். ‘லேட்லி’ என்றால் அண்மைக்காலமாக.

‘ஹார்ட்லி’க்குள்ளேயே ‘இல்லை’ ஒளிந்திருக்கிறது, இதை மறக்கவே கூடாது. அதனால் ‘ஐ காண்ட் ஹார்ட்லி ஹியர் யூ’ என்று இரட்டை எதிர்மறை போடாதீர்கள். ‘ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ’ போதும். ‘ஹார்ட்லி’யைத் துணைவினைக்குப் பின், முதன்மை வினைக்கு முன் வைக்க வேண்டும். ‘ஹார்ட்லி நோ மனி’யும் பிழை, ‘ஹார்ட்லி எனி மனி’ என்பதே சரி. வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் வால் கேள்விகூட நேர்மறையாக வரும்: ‘ஹீ ஹார்ட்லி ஸ்பீக்ஸ், டஸ் ஹீ?’

வாக்கியத் தொடக்கத்தில் வந்தால் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னே வரும்: ‘ஹார்ட்லி ஹேட் ஐ சாட் டவுன் வென் த ஃபோன் ராங்.’ உட்கார்ந்தேனோ இல்லையோ, போன் அடித்தது. பேச்சில் இது அரிது.