கையில் காசு குறைவு, திருகோணமலை பார்க்கலாமா?

வணக்கம் ஐயா,

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். கடையொன்றில் வேலை செய்கிறேன். அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர், இன்னும் கடலைக் கண்டதில்லை. அவரையும் தம்பியையும் திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு வர ஆசை. விசாரித்தால், வாடகைக்கு வான் வண்டி பிடிக்காமல், புறாமலைத் தீவுக்குப் படகில் போகாமல், நிலாவெளிக் கடற்கரையில் அறை எடுக்காமல் அங்கே போவது வீண் என்கிறார்கள். காலையில் வந்து பார்த்துவிட்டு இரவே திரும்பிவிட்டால் செலவு குறையும் அல்லவா? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. உங்கள் ஊர்தானே, சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

அன்றைக்கே திரும்பிப் போகிற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். எதைக் குறைத்தாலும் அந்த ஓர் இரவைக் குறைக்க வேண்டாம். ஹட்டனிலிருந்து கண்டி வந்து, அங்கே பஸ் மாறி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று எங்கள் ஊருக்கு வந்து சேரவே பகலில் பாதிக்கு மேல் போய்விடும். கொளுத்துகிற வெயிலில் இறங்கி, பார்த்ததும் பார்க்காததுமாய் ஓடி, மறுபடி பஸ்ஸில் ஏறினால் அம்மாவுக்கு முழங்கால் வலிதான் மிச்சம். திருகோணமலை பின்னேரமும் விடிகாலையும் பார்க்க வேண்டிய ஊர். ஓர் இரவு தங்கினால் இரண்டுமே கிடைத்துவிடும்.

அந்த இரவுக்கான காசை வானிலும் படகிலும் மிச்சம் பிடியுங்கள். புறாமலை அழகான இடம்தான், 2003 முதல் தேசியப் பூங்காவாகவும் இருக்கிறது. ஆனால் அங்கே பார்க்க வேண்டியதெல்லாம் தண்ணீருக்கு அடியில், பவளப் பாறைகளும் மீன்களும். முகமூடி போட்டு நீந்தாதவர்களுக்கு அது படகுக் கூலியும் நுழைவுச்சீட்டும் கொடுத்துப் பார்க்கிற இன்னொரு கரை, அவ்வளவுதான். நிலாவெளியில் அறையும் வேண்டாம். நகரத்துக்குள்ளேயே சின்ன விடுதிகள் இருக்கின்றன. போயா (பௌர்ணமி) விடுமுறை சேர்ந்து வருகிற நீண்ட வார இறுதியைத் தவிர்த்து, கிழமை நாளாய் வந்தால் வாடகையைக் கொஞ்சம் பேசவும் முடியும். மாதம் என்று கேட்டால் மே முதல் செப்டம்பர் வரை. நவம்பர், டிசம்பரில் இங்கே மழை, கடலும் கொந்தளிக்கும்.

சரி, வந்து இறங்கியதும் எங்கும் ஓட வேண்டாம். சாப்பிட்டுப் படுங்கள். நாலரை, ஐந்து மணிக்கு டச் பே கடற்கரைக்கு வாருங்கள். ஊர்ச் சனம் குடும்பத்தோடு வந்து உட்காருகிற கரை அது, கச்சானும் இறால் வடையும் விற்பார்கள். அம்மா முதன்முதலாய்க் கடலைப் பார்க்கப் போகிறார் என்றால், வானில் ஏற்றி அடுத்த இடத்துக்குக் கூட்டிப் போக அவசரப்படுகிற ஆள் பக்கத்தில் இருக்கவே கூடாது என்று நினைக்கிறேன். எவ்வளவு நேரம் இருக்க நினைக்கிறாரோ அவ்வளவு நேரம் இருக்கட்டும். தம்பியை முழங்காலளவுக்கு மேல் இறங்க விடாதீர்கள், நீச்சல் தெரிந்திருந்தாலும் கடல் வேறு.

மறுநாள் விடிந்ததும் கோணேஸ்வரம். கோவில் கோட்டைக்கு உள்ளே, சுவாமி மலையின் உச்சியில் இருக்கிறது. இங்கே கஞ்சத்தனம் வேண்டாம், அம்மாவுக்காக ஓட்டோ பிடியுங்கள், கோவிலுக்குக் கிட்டவே போகும். ஆனால் கோட்டை வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். வாசல் கல்லில் இரட்டை மீனும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன, அதன் அடியால் தினமும் எத்தனையோ வாகனங்கள் நிமிர்ந்து பார்க்காமல் போகின்றன. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்று அதில் எழுதியிருப்பதாகத்தான் இங்கே வழிவழியாகச் சொல்லி வருகிறோம். போர்த்துக்கேயர் பழைய கோவிலை 1622இல் இடித்து, அந்தக் கல்லையும் கொண்டு கோட்டை கட்டினார்கள். 1950இல் பக்கத்தில் கிணறு வெட்டும்போது பழைய வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன, 1963இல் இப்போதைய கோவிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இதையெல்லாம் தம்பிக்கு அந்த வாசலில் வைத்தே சொல்லுங்கள், மேலே போனபிறகு கடலைப் பார்த்தால் ஒன்றும் காதில் ஏறாது! இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் ஏறத்தாழ 350 அடிக்குக் கீழே கடல், கம்பி வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். திரும்பி வரும்போது இறக்கம்தான், அம்மாவுக்கு முடிந்தால் மெல்ல நடக்கலாம். உள்ளே புள்ளி மான்கள் திரியும். பொலித்தீன் பையோடு சேர்த்துத் தின்றுவிடும், தீனி கொடுக்காதீர்கள். உள்ளே இராணுவ முகாமும் இருப்பதால் படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் கன்னியா. நகரத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர், அனுராதபுரம் வீதியில் போகிற பஸ்ஸில் ஏறிச் சந்தியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. வாளியால் அள்ளிக் குளிக்கலாம், அம்மாவின் முழங்காலுக்கும் இதமாய் இருக்கும். மாற்றுடுப்பும் துவாயும் மறக்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும், மத்தியானம் மீன் கறியோடு ஒரு சோற்றுப் பார்சல், இவை கடற்கரை உணவகங்களை விட பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளில் மலிவு, ருசியும் கூட. ஆனால் விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓட்டோவிலும் அப்படித்தான், ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் வீண் என்று சொன்னவர்கள் இந்த ஊரை வான் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். அம்மாவைக் கூட்டி வாருங்கள். அப்புறம், திரும்பும்போது கண்டி பஸ்ஸை வழியில் மறித்து ஏறாமல் பஸ் நிலையத்துக்கே போய் ஏறுங்கள், அங்கேதான் மூன்று பேருக்கும் இருக்கை கிடைக்கும். மதியத்துக்கு முன்பே புறப்பட்டால் கண்டியில் ஹட்டன் பஸ்ஸைத் தவறவிட மாட்டீர்கள்.